பல் வெளுக்க எந்த வழி? மலையக வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பல் மஞ்சளாக இருக்கிறது, ஒன்லைனில் விற்கும், பல்லில் ஒட்டி வெளுக்கும் ஸ்ட்ரிப் வாங்கலாமா, இல்லை கண்டிக்குப் போய் ‘லேசர்’ போடலாமா? தலவாக்கலைப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது இது. நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போகும் தம்பி ஒருவருக்குக் கரிப் பற்பசை நல்லதா என்று தெரிய வேண்டும். அம்மாவின் வெற்றிலைக் கறையைப் போக்க முடியுமா என்று பதுளையிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்.

மூன்று பேரும் கேட்பது பல் வெளுப்பதைப் பற்றித்தான். ஆனால் மூவருக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றல்ல. நம் பக்கத்தில் இந்த விஷயத்தில் காசு வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மேலே படிந்த கறைக்கு மருந்து வாங்குகிறோம், உள்ளே இருக்கும் நிறத்தைத் தேய்த்துப் போக்கப் பார்க்கிறோம். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பாருங்கள்.

நிறம் எங்கே இருக்கிறது?

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று ஒரு சின்னக் கண்ணாடியில் பாருங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலும், முரசை (ஈறை) ஒட்டிய ஓரத்திலும் பழுப்புக் கோடுகள் இருந்தால் அது மேற்கறை. சாயம் (பால் சேர்க்காத தேத்தண்ணி) குடித்துக் குடித்துக் கோப்பையின் உட்புறம் எப்படிப் பழுப்பேறுகிறதோ அதே வேலைதான் பல்லிலும் நடக்கிறது. தேயிலையில் உள்ள டனின் வகைப் பொருட்கள் பல்லின் மேலிருக்கும் மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரட் எல்லாம் இதே இடத்தில்தான் படியும். முரசு நோய்க்காகக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் வாய் கொப்பளிப்பானும் பழுப்புக் கறை தரும். அதோடு தேத்தண்ணியும் சேர்ந்தால் கறை சீக்கிரம் ஏறும்.

பல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் அது உள்நிறம். பல்லின் மேலோடான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதன் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலியும், டென்டின் தடிக்கும், மஞ்சள் கூடுதலாகத் தெரியும். வேட்டைப்பற்கள் மற்றப் பற்களை விடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். அதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

இன்னும் மூன்று வகை உண்டு. சாம்பல் நிறப் பட்டைகள் குறுக்காக ஓடினால், குழந்தையாக இருந்தபோதோ தாய் கர்ப்பமாக இருந்தபோதோ எடுத்த டெட்ராசைக்ளின் மருந்து காரணமாக இருக்கலாம். சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டோ பழுப்புத் திட்டோ இருந்தால் புளோரைட் அதிகமுள்ள தண்ணீரைச் சிறுவயதில் குடித்ததால் வந்திருக்கலாம். மலைநாட்டுத் தண்ணீரில் புளோரைட் பொதுவாகக் குறைவு, வவுனியா, அனுராதபுரம் போன்ற உலர் வலயக் கிணறுகளில் பல இடங்களில் அதிகம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன நம் உறவுகளின் பிள்ளைகள் பலருக்கு இந்தத் திட்டு இருப்பதற்கு அதுவே காரணம். மூன்றாவது, ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருப்பது. எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்துப்போன பல்லாக இருக்கலாம். அதற்கு முதலில் தேவை எக்ஸ்ரே.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

நான் பார்ப்பது நான்கு விஷயம். அந்த முறை உங்கள் கறை இருக்கும் இடத்துக்குப் போகுமா? எனாமலுக்கும் முரசுக்கும் என்ன செய்யும்? பலன் எவ்வளவு காலம் நிற்கும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?

கடைசிக் கேள்வியில் கிளினிக் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போனால் பஸ் காசு இருக்கிறது, அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போய்விடும். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. நான்கு தடவை போக வேண்டிய சிகிச்சை என்றால் நான்கு பேரையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்கேலிங்கும் பொலிஷும்

நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். அதிரும் நுனியுள்ள கருவியால், தண்ணீர் பீய்ச்சியபடி, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையையும் கறையையும் உடைத்து எடுத்துவிட்டுப் பசை வைத்துப் பொலிஷ் செய்வார்கள். பல்லின் சொந்த நிறம் இதனால் மாறாது. ஆனால் தேத்தண்ணியும் வெற்றிலையும் மூடியிருந்த அந்தச் சொந்த நிறம் வெளியே வரும். இதற்கு அப்புறம் கண்ணாடியைப் பார்க்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு வேறு எதுவுமே தேவைப்படாது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பல் பிரிவில் இதை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அங்கே கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் கட்டணம் உண்டு, வேலை சீக்கிரம் முடியும். ‘ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், பல்லுக்குள் இடைவெளி விழும்’ என்று ஒரு பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. இடைவெளியை உண்டாக்கியது முரசு நோய். காரை அதை இவ்வளவு நாளும் அடைத்து மறைத்துக்கொண்டிருந்தது. காரையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும், கடைசியில் பல்லே விழும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்த ஒரு தடவை போவதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உட்பக்கம் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டதும் எரிச்சல், முன்பு போல வாயைத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளுப்பதைப் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு டொக்டரிடம் அதைக் காட்டுங்கள். பதுளை மகளுக்கு நான் சொன்னதும் இதுதான். அம்மா கறைக்காகப் போகச் சம்மதிப்பார், புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் வரமாட்டார். சரி, கறை என்று சொல்லியே கூட்டிக்கொண்டு போங்கள். வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லி நீங்கள் தனியாக டொக்டரிடம் கேளுங்கள். அம்மா வெற்றிலையை விடாத வரை கறை திரும்பி வரத்தான் செய்யும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பற்பசை, கரி, அப்பச்சோடா, தேசிக்காய்

‘வைட்டனிங்’ என்று போட்ட பற்பசைகள் மேற்கறையைத் தேய்த்து எடுக்கின்றன. சிலவற்றில் மெல்லிய நீலச் சாயம் இருக்கும். நீலம் மஞ்சளைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டும், சில மணி நேரத்தில் போய்விடும். ஊதா நிறப் பசையும் இதே வித்தைதான். ஸ்கேலிங் செய்த பிறகு கறை சீக்கிரம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள, புளோரைட் உள்ள இப்படிப்பட்ட பசை ஒன்று போதும். உள்நிறத்தை அது தொடாது.

கரி நம் அப்பாயி காலத்துப் பழக்கம். அடுப்புக்கரி, உமிக்கரி, செங்கல் தூள் எல்லாம் பாவித்தார்கள், அந்தக் காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. இப்போது அதே கரி கறுப்பு டியூபில் நல்ல விலைக்கு வருகிறது. அது பல்லை வெளுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. கரடுமுரடான கரித்துகள் எனாமலைத் தேய்க்கும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது, தேயத் தேயக் கீழிருக்கும் மஞ்சள் டென்டின்தான் கூடுதலாகத் தெரியும். பல கரிப் பசைகளில் புளோரைட்டும் இல்லை. முரசோரத்திலும் பழைய பில்லிங்கின் விளிம்பிலும் கறுப்புத் துகள் சிக்கிக்கொண்டு, தேய்ப்பதற்கு முன்னால் இருந்ததை விட மோசமாகத் தெரிவதையும் பார்க்கலாம். நேர்முகத்துக்குப் போகும் தம்பி, உங்களுக்கு இது வேண்டாம்.

தேசிக்காய்ச் சாறு இதை விட ஆபத்தானது. வாயில் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனாலே எனாமலின் கனிமம் கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2 முதல் 2.5 வரை. அதைத் தேய்த்த உடனே பல் பளிச்சென்று தெரிவது மேற்பரப்பு அரிக்கப்பட்டதால். அடுத்த மாதம் குளிர்ந்த தண்ணி பட்டதும் பல் கூசும். நுவரெலியாவில் கிடைக்கும் ஸ்ட்ரோபெரியைச் சோடாவோடு பிசைந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களும் வருகின்றன. அந்தக் கலவை பல்லின் நிறத்தை மாற்றாது. பழத்தைச் சாப்பிடுங்கள். இந்தப் பட்டியலில் அப்பச்சோடா ஒன்றுதான் பரவாயில்லை. அது மென்மையான பொருள், எனாமலை அதிகம் தேய்க்காது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பசையோடு சிட்டிகை சேர்க்கலாம். தேசிக்காயோடு மட்டும் கலக்காதீர்கள்.

ஒன்லைன் ஸ்ட்ரிப்பும் நீல லைட்டும்

இங்கிருந்துதான் உண்மையாக வெளுக்கும் மருந்துகள் ஆரம்பிக்கின்றன. மருந்து ஒன்றுதான், ஹைட்ரஜன் பெரொக்சைட். அது எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. கார்பமைட் பெரொக்சைட் என்பதும் வாயில் அதையேதான் வெளிவிடும். 10 சதவீத கார்பமைட் ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டுக்குச் சமம். பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு மருந்து வலுவானது என்று எண்ணிவிடாதீர்கள், எந்தப் பெரொக்சைட் என்று பாருங்கள்.

நல்ல நிறுவனத்தின் ஸ்ட்ரிப் வேலை செய்யும். வெளிநாட்டில் உள்ள உறவினர் கடையில் வாங்கிக்கொண்டு வந்து தந்தால், பற்கள் நேராகவும் சொத்தையில்லாமலும் இருந்தால், அது குறைந்த செலவில் ஒரு நல்ல வழி. பல் கோணலாக இருந்தால் ஸ்ட்ரிப் முழுதாக ஒட்டாது. படாத இடம் மஞ்சளாகவே நிற்கும்.

பேஸ்புக் விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத பெட்டிகள் வேறு கதை. எவ்வளவு மருந்து, எப்போது காலாவதி என்று சரியாகப் போட்டிருக்காது. சூட்டில் கிடந்தால் பெரொக்சைட் கெட்டுவிடும், கண்டெய்னரிலும் களஞ்சியத்திலும் எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? கூடவே வரும் நீல லைட் வாயில் வெளிச்சம் தருவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள வெளுப்பான்களைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்க முடியாது. 6 சதவீதம் வரை பல் வைத்தியர் மூலமாகத்தான், அதுவும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. அவ்வளவு கவனமாகக் கையாளும் ஒரு பொருளை நாம் வட்ஸ்அப்பில் ஓடர் பண்ணி வாங்குகிறோம்.

வீட்டில் போடும் ட்ரே, பல் வைத்தியர் மேற்பார்வையில்

உள்நிற மஞ்சளுக்கு என் தெரிவு இதுதான். 1989இல் அமெரிக்கப் பல் வைத்தியர்கள் இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். அன்றிலிருந்து அதிகம் ஆராயப்பட்ட வெளுக்கும் முறைகளில் இது ஒன்று.

முதல் நாள் பல்லை அச்செடுப்பார்கள். அதிலிருந்து உங்கள் பல் வரிசைக்கே பொருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து தருவார்கள். இரவு பல் துலக்கிய பிறகு, ட்ரேயின் உள்ளே ஒவ்வொரு முன்பல்லும் வரும் இடத்தில் அரிசி மணி அளவு ஜெல் வைத்து மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். மாட்டியதும் முரசுப் பக்கம் ஜெல் பிதுங்கினால் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அதை விட்டால் காலையில் முரசோரம் வெள்ளையாக வெந்து எரியும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். டெட்ராசைக்ளின் சாம்பலுக்கு மாதக்கணக்கில் போட வேண்டும், அப்போதும் முழுதாகப் போகும் என்று யாரும் வாக்குத் தர முடியாது.

குறை, பல் கூச்சம். ஹட்டன், நுவரெலியா பக்கம் மார்கழி, தை மாதக் காலையில் பீலித் தண்ணியில் வாய் கொப்பளிக்கும்போது சுரீரென்று தலைக்கேறும். வெதுவெதுப்பான தண்ணியில் கொப்பளியுங்கள். பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள கூச்சப் பற்பசையை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தாங்க முடியாவிட்டால் ஓரிரவு விட்டு ஓரிரவு போடுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் கூச்சம் போய்விடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது ட்ரே கையில் இருப்பது. ஒன்றிரண்டு வருடம் கழித்து நிறம் இறங்கும்போது ஜெல் மட்டும் வாங்கிச் சில இரவுகள் போட்டால் போதும். தூரத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

கிளினிக்கில் ஒரே நாளில்

25 முதல் 40 சதவீதம் வரை வலுவான ஹைட்ரஜன் பெரொக்சைட். முரசு வேகாமல் இருக்க முதலில் அதன்மேல் ஒரு பசையைப் பூசி வெளிச்சத்தால் இறுக்குவார்கள். பிறகு ஜெல்லை 15, 20 நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்த முதல் நாள் வெள்ளையை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பகுதி, பல் உலர்ந்ததால் வந்தது. ஓரிரு வாரத்தில் பல் ஈரம் ஏறியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். லேசர், விசேஷ லைட் என்று கூடுதல் காசு கேட்டால், நீண்டகாலப் பலனில் அது பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். கூச்சமும் ட்ரே முறையை விடக் கடுமையாக இருக்கும். இருந்தாலும், அவகாசம் இல்லாதவர்களுக்கும் இரவில் ட்ரே போட முடியாதவர்களுக்கும் இதுவே பொருத்தம். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியராக இருக்க வேண்டும். அழகு நிலையத்தில் இந்த வலுவுள்ள மருந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கறைக்கு | பலன் நிற்கும் காலம் | ஆபத்து | செலவு |
|---|---|---|---|---|
| ஸ்கேலிங், பொலிஷ் | மேற்கறை | மாதங்கள், பழக்கத்தைப் பொறுத்து | மிகக் குறைவு | அரசாங்கத்தில் இலவசம் |
| புளோரைட் வைட்டனிங் பசை | லேசான மேற்கறை | பாவிக்கும் வரை | குறைவு | குறைவு |
| கரி, தேசிக்காய் | எதற்கும் வேண்டாம் | இல்லை | எனாமல் தேய்வு, அரிப்பு | பிறகு பில்லிங் செலவு |
| நம்பகமான ஸ்ட்ரிப் | லேசான உள்நிறம் | சில மாதம் முதல் ஒரு வருடம் | கூச்சம், முரசு எரிச்சல் | நடுத்தரம் |
| ட்ரே | உள்நிறம் | ஒன்று முதல் மூன்று வருடம் | தற்காலிகக் கூச்சம் | கூட, பிறகு ஜெல் மட்டும் |
| கிளினிக் ஒரே நாள் | உள்நிறம் | ஒன்று முதல் மூன்று வருடம் | கடும் கூச்சம் | மிகக் கூட |

கேட்காவிட்டால் சொல்லாத செலவுகள்

முன்பல்லில் பல் நிற பில்லிங்கோ கேப்போ இருந்தால் அது வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்ததும் அது மட்டும் மஞ்சளாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மாற்றியே ஆக வேண்டும். அதைக் கணக்கில் சேருங்கள். புது பில்லிங் வைப்பதாக இருந்தால் முதலில் வெளுத்து, ஒன்றிரண்டு வாரம் விட்டு அப்புறம் வையுங்கள். வெளுத்த உடனே வைத்தால் பில்லிங் சரியாகப் பிடிக்காது.

சொத்தை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு சாயம் குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் பல்லுக்குப் பல் இடையில் வெளியே தெரியாத சொத்தை நிறையப் பேருக்கு உண்டு. அந்த ஓட்டைக்குள் பெரொக்சைட் இறங்கினால் வலி உயிரை எடுக்கும்.

புளோரைட் திட்டு உள்ளவர்களுக்கு வெளுக்கும்போது முதலில் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். அதற்கென்று மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுக்கும் முறையும், திட்டுக்குள் பிசின் இறக்கும் முறையும் இருக்கின்றன. இரண்டையும் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். நரம்பு செத்த ஒற்றைக் கறுப்புப் பல்லுக்கு ட்ரே எதற்கு? வேர்ச் சிகிச்சை முடித்து, பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து வெளுப்பார்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பெரொக்சைட்டைத் தள்ளிப் போடுவது நல்லது. ஸ்கேலிங்குக்கு அந்தத் தடை இல்லை.

தேத்தண்ணியை விடச் சொல்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். விட வேண்டாம். பாலில் உள்ள கேசின் புரதம் டனினைப் பிடித்துக்கொள்வதால் பால் தேத்தண்ணி சாயத்தை விடக் குறைவாகவே கறைப்படுத்தும். எதைக் குடித்தாலும் உடனே ஒரு மடக்குத் தண்ணியில் கொப்பளித்துவிடுங்கள்.

அந்த மூன்று பேருக்கும்

பதுளை அம்மாவுக்கு ஸ்கேலிங், வாய்ப் பரிசோதனையோடு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தம்பிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேலிங், அதற்கு அப்புறம் புளோரைட் பசை. மீதிக் காசில் நேர்முகத்துக்கு நல்ல சப்பாத்து ஒரு ஜோடி வாங்கலாம்.

தலவாக்கலை அக்காவுக்கு மூன்று மாதம் இருப்பதால் அவசரப்பட்டுக் கண்டிக்கு ஓட வேண்டியதில்லை. இந்த வாரமே ஸ்கேலிங். சொத்தை இருந்தால் இந்த மாதத்துக்குள் அடைத்துவிடுங்கள். இரண்டாம் மாதத் தொடக்கத்தில் ட்ரேக்கு அச்சுக் கொடுங்கள். அன்றைக்கே பல் நிற மாதிரிகள் உள்ள நிறத்தட்டை உங்கள் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, இப்போதைய நிறத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் எவ்வளவு வெளுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று, நான்கு வாரம் இரவில் போடுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள். அதற்குள் கூச்சம் போய்விடும், நிறமும் ஓரிடத்தில் நின்றுவிடும். மாப்பிள்ளையும் செய்துகொள்ள நினைத்தால் அவருக்குத் தனியாக அச்செடுக்க வேண்டும். ஒருவர் ட்ரே இன்னொருவர் பல்லுக்குப் பொருந்தாது.